நாயின் காலும் நமது அறமும்

அன்புக்கு விலை குறிக்க முடியாது என்று மேடையில் சொல்லிவிடலாம். ஆனால் மிருக வைத்தியர் சிகிச்சைச் செலவைத் துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டும்போது விலை குறிக்கப்பட்டுவிடுகிறது. கொடுப்பதா, மறுப்பதா என்பதே அதன்பின் எஞ்சும் கேள்வி.

எமது வீட்டு நாயின் பெயர் வீமன். எட்டு ஆண்டுகளாக எமது படலையைக் காத்த பிராணி. புத்தூர்ச் சந்திக்கு அண்மையில் மோட்டார்ச் சைக்கிள் ஒன்று மோதியதில் அதன் பின்னங்கால் எலும்பு முறிந்துபோயிற்று. சத்திரசிகிச்சை செய்து உலோகத் தகடு பொருத்தினால் மீண்டும் நடக்கும். இல்லையேல் காலை அகற்ற வேண்டும், அல்லது வேதனையின்றி உயிரை முடித்துவிட வேண்டும் என்றார் வைத்தியர். செலவு எண்பதினாயிரம் ரூபா. எமது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். சீட்டுக் காசை எடுத்துக் கட்டினோம்.

ஒரு வாரம் சென்றபின், எமது மாணவன் ஒருவனின் தந்தை வீட்டுக்கு வந்தார். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு உழைப்பவர். இடுப்பு நோவினால் குனிய முடியாதவராகி, அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் பார்த்திருந்தார். வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கான் ஒன்றுக்குப் பணம் தேடிக்கொண்டுமிருந்தார். கட்டுப்போட்ட காலுடன் கிடந்த வீமனைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சேர், நாயின்ர காலுக்கு எண்பதினாயிரம் கட்டினியளாம், உண்மையோ?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வியப்பு மாத்திரமே இருந்தது. அந்த வியப்புத்தான் எம்மைச் சுட்டது.

இக்கேள்விக்குச் சுலபமான விடைகள் இரண்டு உள்ளன. இரண்டும் பிழையானவை.

"எமது பணம், எமது விருப்பம்" என்பது முதல் விடை. இது சந்தையின் விடை. ஆசிரியர்களாகிய நாம் அதைச் சொல்ல உரிமையற்றவர்கள். 1945இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே எம்மிற் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தோம். அக்கல்விக்குரிய செலவில் அந்தக் கூலித் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கிறது. எமது சம்பளம் முற்றாக எமதன்று.

"மனிதன் வருந்தியிருக்க நாய்க்கு வைத்தியமா?" என்பது இரண்டாவது விடை. முற்போக்கின் உடையணிந்து வருவதால் இது எம்மவரை இலகுவில் மயக்கும். ஆனால் இவ்வாறு கேட்போர், பூப்புனித நீராட்டு விழாவுக்கு இலட்சங்கள் கரையும்போது வாய் திறப்பதில்லை. வெளிநாட்டுப் பணத்தில் ஆளில்லாத மாடிகள் எழும்போதும் கேட்பதில்லை. நாயிடம் வரும்போது மாத்திரம் ஏழையின் நினைவு வருமாயின், அது ஏழையின்மேல் கொண்ட பரிவாகாது.

மேலும், நாய்க்கு மறுக்கப்பட்ட மருந்து ஏழையைச் சென்றடையும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால், முன்கூட்டியே திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. நாய்களுக்குச் செலவு செய்தவர்களால் வந்த வினையன்று அது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியதனால் வந்தது. அதை வற்றச் செய்த கடன்களையும் கொள்கைகளையும் வகுத்தவர்கள் எவரும் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த வரிசையில் நிற்கவில்லை. ஏழையின் கட்டிலைப் பறித்தவன் யார் என்று கேட்பதை விட்டு, நாயையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்துவது, குற்றவாளியைத் தப்பவிடும் தர்க்கமாகும்.

அப்படியாயின் நாய்க்கு நாம் பட்ட கடன் யாது? காட்டு விலங்கொன்றைத் தனக்கு ஏற்றவாறு மாற்றித் தன் வாசலிற் கட்டியவன் மனிதன். தன்னைத் தானே காக்கும் வலிமையை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டவன், அதைக் காக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவனாகிறான். 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது வீடுகளுடன் நாய்களையும் விட்டுச் சென்றனர். மனித உயிரே ஊசலாடிய அந்த இரவில் அதைக் குற்றமென்று எவரும் சொல்லார். ஆயினும் அவற்றை நினைத்து வருந்திய முதியோரை எமதூர் அறியும். கடன் என்று ஒன்று இருந்தமையாலேயே அந்த வருத்தமும் இருந்தது.

ஆனால் இவ்விடத்தில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். விலங்கின்மேல் வைத்த அன்பு மனிதனை மறப்பதற்கு ஒரு போர்வையாகிவிடலாம். மகாடுக் குளத்தில் விலங்குகள் நீர் குடிக்கலாம், தாழ்த்தப்பட்ட மனிதர் குடிக்கலாகாது என்றிருந்த வழக்கை எதிர்த்தே 1927 மார்ச்சில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று அந்நீரை அருந்தினார். எமது யாழ்ப்பாணத்திலும் நாய் படுத்துறங்கிய திண்ணையில் ஏற முடியாத மனிதர் இருந்தனர். 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, பொலிசாரின் தடியடியையும் தாங்கியவர்கள் அவர்களின் வழிவந்தவர்களே. அந்தத் திண்ணையின் உரிமையாளரும் தம் நாயை நேசித்திருப்பார். அந்த அன்பு பொய்யன்று. முற்றத்து வேலியுடன் நின்றுவிட்ட அன்பு.

நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்ற பாரதத்துத் தருமனை எல்லோரும் புகழ்வர். அதே பயணத்தில் வீழ்ந்த மனைவியையும் தம்பியரையும் அவன் திரும்பிப் பாராமல் நடந்தான் என்பதைப் பலர் மறந்துவிடுவர். பின்னர் நரகத்தில் அவர்களுடைய குரலைக் கேட்டு, அங்கேயே இருப்பேன் என்று அவன் துணிந்தபோதே அவனுடைய அறம் நிறைவடைந்தது.

இலங்கையின் சூளவம்சம் சொல்லும் புத்ததாச மன்னனின் கதை இன்னும் தெளிவானது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட அவன் வைத்தியத்தில் வல்லவன். வயிற்று நோயால் வருந்திய பாம்பொன்றின் உடலைக் கீறிக் குணப்படுத்தினான் என்கிறது அந்நூல். பேற்றுத் துன்பத்தில் கிடந்த சண்டாளப் பெண்ணொருத்திக்கும் அவனே சிகிச்சை செய்தான் என்கிறது. பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தான் என்றும் கூறுகிறது. கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது இங்கே முக்கியமன்று. பாம்பைத் தொட்ட கையே தீண்டத்தகாதவள் எனப்பட்டவளையும் தொட்டது. அத்தோடமையாது, தான் இல்லாத கிராமத்துக்கும் மருத்துவத்தை அனுப்பியது. கருணைக்கு இதைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை.

எனவே எமது முடிவு இது. பிராணி குணமடையும் என்ற நம்பிக்கை இருந்து, வீட்டார் பட்டினி கிடக்க நேராதாயின், அதன் சிகிச்சைக்குச் செலவிடுவது நாணத்தக்க செயலன்று. குணமடையாதெனத் தெரிந்தும் எமது பிரிவுத் துயரைத் தள்ளிப்போடுவதற்காக அதன் வேதனையை நீட்டுவது அன்பன்று. அன்புக்குச் செலவிட்டவன் அத்துடன் கடன் தீர்ந்ததென்று இருந்துவிடவும் முடியாது.

அந்தத் தந்தையின் ஸ்கானுக்கு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பணம் கொடுத்தோம். அது எமது மனச்சாட்சிக்குக் கொடுத்த சிறுதொகையே. அவருக்குப் பின்னாலும் வரிசையில் ஆட்கள் நிற்கின்றனர். ஒருவனின் இடுப்பு, எம்மைப் போன்ற நாலு பேரின் இரக்கத்தை நம்பியிருக்கலாகாது. ஒரு நாயின் கால் எசமானின் சட்டைப்பையை நம்பியிருப்பது இன்றைய நிலையில் தவிர்க்க முடியாதது. மனிதனின் நிலையும் அதுவேயாகுமானால், அந்தச் சமுதாயம் மனிதனை நாயின் நிலையில் வைத்திருக்கிறது என்றே பொருள்.

வீமன் இப்போது நொண்டியபடி நடக்கிறது. அதைக் காணுந்தோறும் அந்தக் கேள்வி எம் காதில் ஒலிக்கிறது. "உண்மைதான்" என்று அன்று விடை சொன்னோம். அது பாதி விடை. மீதியை எமது சங்கக் கூட்டங்களிலும், வாக்குக் கேட்டு வருவோரிடத்தும், வகுப்பறையிலும் நாம் சொல்லியாக வேண்டும்.