தெரியாது என்னும் சொல்

தோட்டப் பள்ளிக்கூடங்களின் தொடக்கத்தில் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியாராகவும் இருந்தார். பேரேடு எழுதத் தெரிந்தவனுக்குக் கற்பிக்கவும் தெரியுமெனத் துரைமார்கள் எண்ணினர்போலும். கிராணித் தொழில் செய்யும் நாம் இதைச் சற்று வெட்கத்தோடே எழுதுகிறோம்.

அக்காலம் போயிற்று, ஈப்போவிலேயே இன்று ஆசிரியர் கல்விக் கழகம் உண்டு. ஆனால் அவ்வெண்ணம் போயிற்றா? 2003-இல் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் இங்கிலீஷில் கற்பிக்க அரசாங்கம் உத்தரவிட்டபோது, ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சி முதன்மையாக இங்கிலீஷுக்கே. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. இங்கிலீஷில் விஞ்ஞானம் படித்த நாம் ‘போட்டோசிந்தசிஸ்’ என்று பிழையின்றி எழுதினோம்; வாசலில் நின்ற ரப்பர் மரம் இலையுதிர்க்கையில் பால் ஏன் குறைகிறதென்று ஒருநாளும் கேட்டோமில்லை.

கேட்டிருந்தால்? “அதிகப்பிரசங்கி, உட்கார்” என்பதே பெரும்பாலும் விடையாயிருக்கும். தெரியாததை மறைக்கும் ஆசிரியர் பொய்யரா? ஓரளவு ஆம் என்பதே நம் கருத்து. கிராணியின் தவறான பதிவு மாதக் கடைசியில் அகப்பட்டுவிடும். பிள்ளையின் மனத்தில் விழுந்த தவறான பதிவுக்குக் கணக்காய்வு ஏது? “தெரியவில்லை, நாளை உங்களோடு சோதித்துப் பார்க்கிறேன்” என்று சொல்லும் துணிவை எப்பயிற்சியும் முதற்பாடமாக வைத்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியரை மட்டும் நோவானேன்? அவ்வாறு சொன்ன ஓர் இளம் ஆசிரியையைப்பற்றி, “இவருக்கே தெரியாதாம்” என்று நம் பிள்ளை வீட்டில் வந்து சொன்னபோது, முதலில் சிரித்தவர் நாமே.