மறுபடியும் சிக்கல் சண்முகசுந்தரம்

சிறுவயதில் ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தபோது போட்டிதான் முக்கியமாக இருந்தது: ஜெயிப்பது நாயனமா, சலங்கையா? இப்போது டிவிடியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில் கண் வேறெங்கோ போகிறது.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். அவர்களுடைய மூச்சு, நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜியின் கன்னத்திலும் கழுத்து நரம்பிலும் எப்படி ஏறியது! அதைப் பார்ப்பதற்காகவே ஒரே காட்சியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஓட்டுகிறேன். சீவாளியை உதட்டில் பொருத்தும் விதம், பக்கத்து நாயனக்காரருக்கு இடம் விட்டு நிமிரும் அந்தக் கம்பீரம், எல்லாமே ஒரு வித்வானுடையவை.

பிறகு, மோகனாம்பாளாக ஆடும் பத்மினி நலம் விசாரிக்கும் அந்தப் பாடல். பி. சுசீலாவின் குரல், கே.வி. மகாதேவனின் இசை. கத்திக்குத்துப் பட்டு மீண்டு வந்தவரிடம், சபை முழுக்கப் பார்த்திருக்க, அவருக்கு மட்டும் புரியும்படி கண்ணாலேயே கேட்கிறாள். பதில் நாயனத்தில் வருகிறது. தவிலோடு உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவின் முகத்தை மட்டும் பார்ப்பதற்கே இன்னொரு முறை போடலாம்.

மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி அன்று சிரிக்க வைத்தார். ஒரு நாடகக்காரி பெரிய வித்வான்மேல் வைத்திருக்கும் கள்ளமில்லாத அன்பு இன்று தொண்டையை அடைக்கிறது.