வெளியே சுத்தம், உள்ளே அசுத்தம்



19ஆம் நூற்றாண்டில் காலரா பரவிய நாட்களில் இத்தாலியில் கடிதங்களுக்கும் வைத்தியம் நடந்தது என்றால் நம்புவீர்களா? நோய் கண்ட ஊரிலிருந்து வந்த தபாலை இடுக்கியால் பிடித்து, கீறித் துளையிட்டு, கந்தகப் புகை காட்டியோ காடியில் தோய்த்தோ, அதன் பிறகே உரியவரிடம் சேர்ப்பித்தார்கள். ஆஸ்திரிய எல்லையிலிருந்த செம்லின் நிலையத்தில் இத்தாலிய மொழியில் ஒரு முத்திரையும் குத்தினார்கள். "வெளியே சுத்தம், உள்ளே அசுத்தம்" என்பது அதன் பொருள். உறையைப் பிரிக்காமல் மேற்புறத்துக்கு மட்டுமே புகை காட்டினோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கழுவும் பரிசேயரை நம் ஆண்டவர் கண்டித்ததைக் கேட்டவர்களுக்கு அந்த முத்திரை சுருக்கென்று தைக்கும்.

காலரா கடிதத்தில் இல்லை. குடிக்கும் தண்ணீரில் இருந்தது. 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் ஒரு தெருப் பம்பைக் காட்டி இதை விளக்கினார். 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் அக்கிருமியைக் குளத்து நீரிலேயே கண்டார். பாவம் அந்தத் தபால்காரர்கள், இருமியதுதான் மிச்சம்!

நம் முன்னோரையும் அந்தக் கடிதங்களைப் போலவே நடத்தினார்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள் காலராவில் வழியோரம் மாண்டார்கள். பிற்காலத்தில் வந்தவர்களை மண்டபம் முகாமில் மறித்து, அம்மை குத்தி, துணிமணிகளை நீராவியில் அவித்துக் கப்பலேற்றினார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தெஹியோவிட்டப் பக்கம் றப்பர் பால் வெட்டுகிறோம்.

2020இல் கோவிட் வந்தபோது, கொழும்புக் கடைகளிலிருந்தும் ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்தும் நம் பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பினார்கள். அவர்களைத் தனித்திருக்கச் சொன்னது நியாயம். அயலவர் உயிர் பெரிது. ஆனால் நாள் கணக்கு முடிந்து, அவர்கள் சுகமாகி வந்த பின்னும் பீலியடியில் அவர்களைக் கண்டு குடத்தை ஒதுக்கிக்கொண்டவர்கள் நம்மில் இல்லையா? அன்று விட்டுப்போன பேச்சு சில வீடுகளுக்கிடையே இன்றும் விட்டதாகவே இருக்கிறது. அவர்களும் பூசைக்கு வருகிறார்கள், நாமும் வருகிறோம்.

தவக்காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் தவறாமல் அனுசரிக்கிறீர்கள், நல்லது. இவ்வருடம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருமுன் அந்த வீட்டு வாசல் ஏறி, அவர்கள் தரும் பிளேன்டியை வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் பீலிக்கு மேலே கக்கூஸ் குழி இருந்தால், இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போய்த் துரையிடம் சொல்லுங்கள்.