திரும்பி வந்த ஒருவன்



பத்துக் குஷ்டரோகிகள் சுகமடைந்த சுவிசேஷத்தை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது பேர் போனவர்கள் போனவர்களே. சமாரியனாகிய ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான். அந்த ஒன்பது பேரையும் பொல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குருக்களிடத்தில் போய்க் காண்பிக்கும்படி ஆண்டவர் சொன்னார், அதன்படியே போனார்கள். பிறகு வீடு, பெண்சாதி, பிள்ளைகள், விட்டுப்போன தொழில். எல்லாம் அவசரம். நம்மில் படித்துப் பட்டம் பெற்று உத்தியோகத்துக்குப் போனவர்களின் கதையும் பெரும்பாலும் இதுவே.

“சம்பளம் கட்டித்தானே சுவாமி படித்தேன்? இன்னும் என்ன கடன்?” என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. ஆகையால் அமெரிக்காவில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன்.

நியூஜெர்சி மாநிலத்து எலிசபெத் என்னும் ஊரில், ஐரிஷ் வம்சத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 1931-ல் பிறந்தவர் சக் பீனி. தாயார் ஒரு நர்ஸ். கொரியா யுத்த காலத்தில் இவர் விமானப் படையில் சேவை செய்தார். சேவை முடித்த வீரர்களின் படிப்புக்கு அரசாங்கம் உதவும் ஏற்பாடு அங்கே இருந்தது. அதைக்கொண்டு கார்னெல் சர்வகலாசாலையில் ஹோட்டல் நிர்வாகம் படித்து, 1956-ல் பட்டம் பெற்றார். கைச்செலவுக்குப் போதாமல், தாமே சாண்ட்விச் செய்து சக மாணவர்களுக்கு விற்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் படித்த அந்தச் சர்வகலாசாலை எங்கிருந்து வந்தது? 1865-ல் எஸ்ரா கார்னெல் என்பவர் தம் பண்ணை நிலத்தையும் ஐந்து லட்சம் டாலரையும் கொடுத்ததால் வந்தது. அவருக்குப் பின் எத்தனையோ பேர் கொடுத்தார்கள். மாணவன் கட்டும் சம்பளம் அன்றாடச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும், அவ்வளவுதான். மீதியை, அவன் முகத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள் முன்னதாகவே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஐந்து லட்சம் கொடுத்தவரிடம் போய்த் திருப்பிக் கொடுக்க முடியுமா? அவர் எப்போதோ மரித்துப் போனார். அடுத்து வரும் பிள்ளைக்குத்தான் கொடுக்கலாம்.

பீனி தம் கூட்டாளியோடு 1960-ல் தொடங்கிய தீர்வையில்லாச் சரக்குக் கடைகள் உலகமெங்கும் பரவின. பெருந்திரவியம் சேர்ந்தது. 1984-ல் தம் பங்கு முழுவதையும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்து 1997-ல், வியாபாரத்தை விற்கும்போது மறைக்க முடியாமற் போனதால்தான் வெளியே தெரிந்தது. அவர் கையில் கட்டியிருந்தது பதினைந்து டாலர் கடிகாரம். குடியிருந்தது வாடகை வீட்டில்.

கார்னெலுக்கு மாத்திரம் ஏறக்குறைய நூறு கோடி டாலர் சேர்ந்தது. இதில் என் மனதைத் தொட்டது பெரிய தொகையல்ல. வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவர்களின் கடன் பாரத்தைக் குறைக்க 1982-ல் அங்கே ஒரு நிதி ஏற்பட்டது. அதுவும் இவர் கொடுத்ததே. சாண்ட்விச் விற்ற பையனை அவர் மறக்கவில்லை.

எந்தக் கட்டடத்திலும் தம் பெயரைப் பொறிக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. (நம் கோவில் மின்விசிறிகளின் இறக்கையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், காற்றுக்குக் குறைவில்லை.) தர்மப் பணம் முழுவதும் கொடுத்துத் தீர்ந்து, ஸ்தாபனத்தை 2020-ல் மூடிய பிறகு, மறு வருஷம் கார்னெலில் ஒரு வீதிக்கு அவர் பெயரை இட்டார்கள். 2023-ல் காலமானார்.

கொடுக்கிறவர்கள் எல்லாருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. தன் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுப்பவர்களும் அந்தத் தேசத்தில் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 2024-ல் அதற்கென்றே சட்டம் செய்ய வேண்டியதாயிற்று: பழைய மாணவரின் பிள்ளை, நன்கொடையாளரின் பிள்ளை என்று சலுகை காட்டி மாணவரைச் சேர்க்கலாகாது. கை நீட்டுவது ஒன்று, விலை பேசுவது வேறொன்று. நன்றியென்று பெயரிட்டு வியாபாரம் செய்வதைவிட, பேசாமல் போன அந்த ஒன்பது பேரே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

“பீனிக்குக் கோடி இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது?” என்பீர்கள். அங்கேயுள்ள கலாசாலைகளில், எவ்வளவு வந்தது என்று மட்டுமல்ல, பழைய மாணவர்களில் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்றும் கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஐந்து டாலர் கொடுத்தவரும் அதில் ஒருவர். ஐந்து கோடி கொடுத்தவரும் ஒருவர். காணிக்கைப் பெட்டியருகே இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் கவனித்ததும் இப்படித்தானே.

இன்று இரவு செபமாலை முடிந்ததும் பாயைச் சுருட்டிவிடாமல், வீட்டில் படித்தவர்கள் எல்லாரும் சற்று உட்காருங்கள். உங்கள் சம்பளப் பாக்கியை எந்தச் சங்கைக்குரிய சுவாமியார் மன்னித்தார், எந்தக் கன்னியாஸ்திரி விடுதியில் சோறு போட்டார்கள், எந்த வாத்தியார் தம் புஸ்தகத்தைக் கொடுத்தார் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், அதற்கும் பதில் சொல்லுங்கள்.