வெளிச்சத்துக்கு யார் பெயர் வைப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தோலும் பிரியாணியும்தான். ஆனால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் அங்கேதான் இருக்கின்றன. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்த அந்த இரவில் காவலூரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதே நிறுவனத்திடம்தான் ராணுவம் ஒரு சந்தேகத்தோடு போனது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் காவலில் இருந்த வீரர்கள் அடையாளம் தெரியாத வெளிச்சங்களை 329 முறை பதிவு செய்திருந்தார்கள். அதில் 155 முறை அவை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகக் கணக்கு. சீனாவின் ட்ரோன்களோ என்று பயம். விஞ்ஞானிகள் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

செய்தி வந்தபோது நிறைய பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருக்கும், கோள்கள் இன்னும் பளிச்சென்று தெரியும். பூமி சுழல்வதால் அவை மெல்ல மேற்கே நகரவும் செய்யும். ஆக, ஒரு வெளிச்சம் நகர்ந்தது என்பது நிஜம். அது ‘எல்லை தாண்டியது’ என்பது மட்டும்தான் பயம் சேர்த்துக்கொண்டது.

காவல்காரன் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? முடியாது, அது அவன் வேலை. ஆனால் சந்தேகப்படுகிறவரே தீர்ப்பும் சொல்லிவிடக் கூடாது. அந்த வெளிச்சம் பக்கத்து விண்மீன்களோடு சேர்ந்தே நகர்கிறதா என்று பார்க்க, பயம் இல்லாத இன்னொரு கண் வேண்டும். ராணுவம் அப்படியொரு கண்ணைத் தேடிப் போனதே, அதைத்தான் நான் அறம் என்பேன். இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே அது சின்ன விஷயம் இல்லை.

நம்ம பக்கம் நடந்ததையும் பார்க்கணும். 2016 பிப்ரவரி 6, நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதா, விழுந்தது விண்கல் என்று அறிக்கை விட்டு நிவாரணமும் அறிவித்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

லடாக்கில் வானத்தில் இருந்ததை மனிதன் செய்தது என்று நினைத்தார்கள். இங்கே, தரையில் நடந்திருக்கக்கூடிய ஒன்றை, ஆய்வு முடியும் முன்பே வானத்தின் கணக்கில் எழுதினார்கள். முதலாவதில் ஒரு சண்டை மூண்டிருக்கலாம். இரண்டாவதில் ஒரு கேள்வியே மூடிப்போகும். கல் விழுந்து செத்தான் என்றால் யார் மேல் கேஸ் போடுவது? தொழிற்சாலைகளும் கூலி வேலையும் நிறைந்த ஒரு வட்டாரத்தில், விபத்தை விதி என்று சொல்லிவிடுவது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

நிவாரணப் பணம் வேறு, பதில் வேறு. “இன்னும் தெரியல, பார்த்துக்கிட்டிருக்கோம்” என்று சொல்ல எந்த அரசுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். செத்தவர் வீட்டுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, நிஜமாகவே பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.