காது வைத்த இடம்

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மயிர் இன்னும் என் கண்ணை உறுத்துகிறது. பழுப்பு நிறத்தில் ஐந்தாறு இழை, ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை நீளம் இருக்கும். மார்கழி இரவில், சிறுமலையில், வலியோடு நின்ற ஒரு பெட்டைக் குதிரையின் வலது விலாவில் காதை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். துடைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை.

அவள் என் தங்கை மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆறு மாதம் கழித்து, ஜூன் மாதம், மதிப்பெண் பட்டியலோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, எந்தக் காலேஜை முதல்ல போடட்டும்? எனக்குக் குதிரை வைத்தியம் படிக்கணும்."

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். எந்தப் பிள்ளை எங்கே படிக்கலாம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று பதில் வரவில்லை. எனக்கு அந்த மயிர்தான் ஞாபகம் வந்தது.

சிறுமலை திண்டுக்கல்லிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. தார் ரோடு மேலே வரை போகிறது என்றாலும் தோட்டங்கள் ரோட்டோரத்தில் இல்லை. சரிவில் இறங்கி, ஓடை தாண்டி, ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். மலை வாழைத்தாரும் எலுமிச்சையும் பலாவும் காப்பிக் கொட்டையும் அங்கிருந்து ரோட்டுக்கு வருவது குதிரை முதுகில்தான். சாக்கைப் பஞ்சணையாக மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் தாரைக் கட்டி, முன்னால் ஆள்கூட இல்லாமல் தானாக நடந்து வரும் குதிரைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். பொங்கலுக்கு அங்கே மாட்டுக்குச் செய்வதைப்போலக் குதிரைக்கும் செய்வார்கள். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். அதைச் சுமந்த முதுகை நான் அன்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இரவு ஒரு நண்பர் தோட்டத்தில் தங்கியிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் குதிரை சாயங்காலத்திலிருந்து தீனி எடுக்கவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. படுத்து உருளப் பார்த்தது. பெரியவர் உருளவிடாமல் நடத்திக்கொண்டே இருந்தார். நடுவில் நிறுத்தி, விலாவில் காதை வைப்பார். மறுபடி நடத்துவார்.

"சத்தமே இல்ல தம்பி" என்றார் என்னிடம். பிறகு, டார்ச் பிடித்திருந்த அவளைப் பார்த்து, "வா பாப்பா, சின்னக் காது உனக்கு. வச்சுப் பாரு" என்றார்.

அவள் வைத்தாள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தாள். நிமிர்ந்து, "ஒண்ணும் கேக்கல தாத்தா" என்றாள்.

கீழேயிருந்து ஓர் இளம் மருத்துவர் பைக்கில் அத்தனை வளைவையும் ஏறி அந்தக் குளிரில் வந்தார். வலிக்கு ஊசி போட்டார். சீனியர் ஒருவருக்குப் போன் போட, சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் பாறைமேல் ஏறி நின்றார். "மாடுன்னா இருட்டுலகூடச் சொல்லிருவேன் சார். குதிரையைப் படிக்கிறப்பத் தொட்டதோட சரி" என்றார். அப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும், அந்த அளவுக் குழாய் கையில் இல்லை என்றார். விடிவதற்கு முன் குதிரை படுத்தது. எழவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது உள்ளே போனதுதான். வாயுவோ தீனியோ கட்டிக்கொண்டால் மேலே வர வழி கிடையாது. அதனால்தான் அந்தக் குழாய். நல்ல குதிரையின் வலது விலாவில் காதை வைத்தால், நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, சரிவில் தண்ணீர் இறங்குவதைப்போல ஒரு சத்தம் கேட்குமாம். முப்பது லிட்டர் பிடிக்கும் குடற்பை ஒன்று அங்கே இருக்கிறது. அது சத்தமில்லாமல் போவது கெட்ட சகுனம். பெரியவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்தவரில்லை. காதை வைத்தது சரியான இடத்தில்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தபின் அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஏழு கல்லூரிகள். சென்னை வேப்பேரியில் இருப்பது 1903இல் தொடங்கியது. நாமக்கல் 1985. ஒரத்தநாடும் திருநெல்வேலியும் 2012. தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய மூன்றும் 2020ஐ ஒட்டி வந்தவை. மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டின் பதினைந்து சதவீதத்துக்குத்தான் நீட். படிப்பு ஐந்தரை வருஷம், அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. பாடத்திட்டம் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் வகுத்தது, எங்கே படித்தாலும் அதேதான். இளநிலையில் குதிரைக்கென்று தனிப் பட்டம் கிடையாது. மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாவற்றோடும் சேர்ந்து குதிரையும் வரும். தனியாகத் தோண்ட வேண்டுமானால் முதுநிலையில் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ எடுத்து, பிறகு குதிரை இருக்கும் இடம் தேடிப் போக வேண்டும்.

ஆக, புத்தகம் ஒன்றுதான். வாசலில் வந்து நிற்கும் பிராணிதான் வேறு. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப் பண்ணை. வேப்பேரியில் நாயும் பூனையும் வரிசை கட்டும், நகரத்துப் போலீஸ் குதிரையும் மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரையும் அந்த ஊரிலேயே இருக்கின்றன. தேனியில் படித்தால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சிறுமலைக் குதிரை எந்தக் கல்லூரி வாசலுக்கும் வராது. வயிற்று வலியோடு பதினெட்டு வளைவு இறங்கி எந்தக் குதிரை வரும்?

வடக்கே ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் படைக்குக் கல்லூரி இருக்கிறது. ரேஸ் குதிரைகள் இருக்கும் ஊர்களில்தான் இந்த வைத்தியம் கைப்பழக்கமாக வாழ்கிறது. நம் பக்கம் அதுவும் ஆட்டம் கண்டுவிட்டது. 2024இல் ஊட்டி ரேஸ் மைதானத்தையும் கிண்டி மைதானத்தையும் அரசு எடுத்துக்கொள்ள நடவடிக்கை எடுத்தது. சூதாட்டம் போனால் எனக்கு வருத்தமில்லை. குதிரையின் வயிற்றில் காது வைக்கத் தெரிந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் கவலை.

கால்நடை மருத்துவப் படிப்பைத் தொடங்கி வைத்தவரே ஒரு குதிரைக்காரர் என்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் தோன்றியது. அதை நிறுவிய கிளாட் பூர்ழெலா குதிரையேற்றம் கற்றுக்கொடுத்த வாத்தியார். இன்று என் தங்கை மகள் குதிரை வைத்தியம் என்று சொன்னதும் வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் நிற்கும். வாயில் கொள்ளுப் பை கட்டி, கண்ணுக்கு மறைப்பு போட்டு, ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் குதிரைகள். லத்தி வாடையும் புகையிலை வாடையும் கலந்த அந்த இடம் எனக்குப் பிடிக்கும். ஒருநாள் அப்பாவோடு வந்துகொண்டிருந்தபோது ஒரு குதிரை நடுரோட்டில் மடிந்து விழுந்தது. வண்டியின் ஏர்க்கால் தரையில் குத்தி நின்றது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். வண்டிக்காரர் அடிக்கவில்லை, கத்தவில்லை. சப்பணமிட்டு உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பாக்காத, வா" என்று அப்பா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாது. பத்துப் பதினைந்து நாளில் அதே வண்டிக்காரர் வேறு குதிரையோடு நின்றார். வெள்ளை. அவரிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை.

இந்த 'வேறு குதிரை' எங்கோ படித்த ஒன்றைக் கிளறிவிடுகிறது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். கப்பல் கப்பலாக அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசன் வருஷம் இரண்டாயிரம் குதிரை வாங்குவான், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று படித்ததாக நினைவு. கணக்கில் நான் பிசகியிருக்கலாம். காரணம் மட்டும் மறக்கவில்லை. இங்கே குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு கறியைக் கலந்து போடுகிறார்கள் என்கிறார். விற்கிற வியாபாரிகள் வைத்தியம் தெரிந்த ஆளை உடன் அனுப்புவதுமில்லை, போகவிடுவதுமில்லை. செத்தால்தானே அடுத்த வருஷமும் வாங்குவான்.

அயலூர்க்காரர் சொன்னது, கூட்டியும் சொல்லியிருப்பார். இருந்தாலும் அதைப் படித்த நாளிலிருந்து மாணிக்கவாசகர் கதையை முன்போல என்னால் கேட்க முடியவில்லை. மன்னன் பணத்தில் குதிரை வாங்கப் போனவர் அதைக் கோயிலுக்குச் செலவழித்தார், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, ராத்திரியோடு மறுபடி நரிகளாகி லாயத்தை விட்டு ஓடின. மார்க்கோ போலோவுக்கு முந்தைய காலத்துக் கதை. சிவனின் விளையாட்டாகவே அதைக் கேட்டு வளர்ந்தேன். இப்போது, காலையில் லாயத்தைத் திறந்து பார்க்கிற ஒரு காவலாளியின் முகம்தான் தெரிகிறது. நேற்று நின்றது இன்று இல்லை. ஏன் என்று தெரியவில்லை. இப்படி எத்தனை காலை இந்தப் பாண்டிய மண்ணில் விடிந்திருக்கும்! பொன் கொடுத்து வாங்கினோம், ஐயனாருக்கு மண்ணில் செய்து வைத்துக் கும்பிட்டோம், காது வைத்துக் கேட்கும் வித்தையை மட்டும் யாரும் இறக்குமதி செய்யவில்லை. என் எண்ணம் இது, சரித்திரம் என்று சொல்லமாட்டேன்.

அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமே. கையிலிருந்த கணக்கைச் சொன்னேன். 2012இல் இந்தியாவில் ஆறே கால் லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். ஏழு வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துபோன ஒரு பிராணிக்காகப் பத்து வருஷம் படிக்கப் போகிறாயா என்று கேட்டேன். பாம்புக்கடிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று நானே எதிர்ப்பக்கமும் பேசினேன். பழனி அடிவாரத்து வண்டிக் குதிரை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் குதிரை என்று மாவட்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "அன்னைக்கு ஒண்ணும் கேக்கலேன்னு சொன்னேன்ல மாமா. பொய். கடைசியில ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. தாத்தா ஏற்கெனவே இல்லேன்னு சொல்லிட்டாரு. நான் சொன்னா தப்பா இருக்குமோன்னு சொல்லல."

நான் அந்தக் கன்னத்தையே பார்த்தேன். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அவள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழாய் வந்திருக்காது. மருத்துவர் வேறு ஊசி போட்டிருக்க மாட்டார். ஒரு சத்தத்தால் அந்தக் குதிரை பிழைத்திருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். அதை அவளிடமும் சொன்னேன். "சரி மாமா" என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் செய்வது காலேஜ் இல்லை. ஒரு ராத்திரியின் குற்ற உணர்ச்சியை வைத்து ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கலாமா? செத்துப்போன ஒரு பிராணிக்குப் பட்ட கடனை யாருக்கு அடைப்பது? வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. உடனே இன்னொரு நினைப்பு வருகிறது: அந்த வண்டிக்காரரிடம் நான் கேட்காமல் விட்டதற்கு நான் எதையும் செய்யவில்லையே. ஐம்பத்தைந்து வருஷமாகச் சும்மா வைத்திருக்கிறேன். இவள் ஏதோ செய்யக் கிளம்புகிறாள்.

சென்னையை முதலில் போடு என்றேன். குதிரை கண்ணில் படும் ஊர், பழைய கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி. சொன்ன அன்று ராத்திரியே சந்தேகம் வந்துவிட்டது. சென்னைக்குப் போய், முதுநிலை முடித்து, புனேயோ பெங்களூரோ போய்த் தேர்ந்தவள் சிறுமலைக்குத் திரும்புவாளா? தேனியைப் போடு என்றிருந்தால் மலை பக்கத்தில் இருந்திருக்கும், ஆனால் அந்த இளம் மருத்துவரைப்போலக் குதிரையைத் தொட்டதோடு முடிந்திருக்குமோ? எந்த வரிசையில் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் தனியாகச் சிறுமலை போனேன். பெரியவர் வேறு குதிரை வாங்கியிருந்தார். கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் புள்ளி. வாழைத்தார் இறக்கிவிட்டு நின்றது. கேட்டுக்கொண்டு அதன் வலது விலாவில் காதை வைத்தேன். சூடாக இருந்தது. வியர்வையும் வாழைநாரும் கலந்த வாசனை. வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு, மிகத் தூரத்தில் எதுவோ இறங்குவதைப்போல ஒன்று கேட்டது.

"கேக்குதா தம்பி?" என்றார்.

குதிரையின் வயிற்றில் கேட்டதா, என் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்கிறது என்றே சொன்னேன்.