செய்யூர்ப் பக்கம் அளந்த பூமி

பூமி துருவங்களில் சற்றே தட்டை என்று 1687-இல் நியூட்டன் கணக்குப் போட்டுச் சொன்னார். அது சரியென்றால், வட-தென் திசையில் ஒரு பாகை தூரம் நிலநடுக்கோட்டருகே குறைந்தும் துருவத்தருகே கூடியும் இருக்க வேண்டும். பெருவிலும் லாப்லாந்திலும் அளந்து பார்த்தார்கள். பிறகு அந்தச் சோதனை நம் கடற்கரைக்கும் வந்தது.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 40,006 அடி நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பக் கணக்கில் ஒரு டிகிரி செல்சியஸ் தவறினால் முழுக் கோட்டிலும் ஏறக்குறைய அரை அடி பிசகும்! அதனால் சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்தார்கள்.

அதன்பின் அந்த அடிக்கோட்டை ஒரு பக்கமாக வைத்து முக்கோணங்கள் அமைக்கக் கோணங்களை அளக்க வேண்டும். கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைக் கூலியாட்கள் குன்றுகளில் ஏற்றினார்கள். அந்தத் தோள்கள் இல்லாமல் எந்தச் சூத்திரமும் நகர்ந்திருக்காது. கருங்குழி, பெருமுக்கல் என முக்கோணங்கள் தெற்கே இறங்கின. இரண்டுக்கும் கிழக்கே, கடல் பக்கம் செய்யூர்.

செய்யூர் உப்பளத்தில் நின்றால் தரை பாய் விரித்ததுபோல் இருக்கும். ஆனால் அங்கே 30 கிலோமீட்டர் பக்கமுள்ள முக்கோணம் வரைந்தால் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையைத் தாண்டி இரண்டு விநாடி மிஞ்சும். ஒரு பாகைக்கு 3,600 விநாடி. பூமியின் வளைவு அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தபடி, 1823-இல் இங்கண்காட்டில் இறக்கும்வரை லாம்டன் அளந்துகொண்டே போனார்.